சாவா மூவாக் கணக்கு

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் தரமணி ஏழாவது நிறுத்தம். மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், திருவான்மியூர், தரமணி. இன்னும் இரண்டு நிறுத்தம் தாண்டினால் வேளச்சேரி. காலை நேரத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க நின்றுகொண்டு வரும் பிள்ளைகளுக்கு இது டைடல் பார்க் வண்டி. எனக்கு இது கோட்டூர் நாட்டைக் குறுக்கே கடக்கும் வண்டி. சோழர் காலக் கல்வெட்டுகள் இந்தப் பக்கத்தைச் செயங்கொண்ட சோழ மண்டலத்துப் புலியூர்க் கோட்டத்துக் கோட்டூர் நாடு என்று சொல்கின்றன. நாடு போய்விட்டது, பெயர் ஒரு ரயில் நிலையத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஓலையும் எழுத்தாணியும் வைத்திருந்த சோழர் காலத்துக் கணக்கன் ஒருவனை இந்த வண்டியில் ஏற்றிவிட்டால், கோட்டூர், திருவான்மியூர், வெளிச்சேரி என்று மூன்று இடத்திலாவது தலையை நிமிர்த்திப் பார்ப்பான். தரமணியில் பார்க்கமாட்டான். அந்தப் பெயரை எந்தக் கல்லிலும் நான் படித்ததில்லை.

ஆனால் நான் இறங்குவது தரமணியில்தான். மத்திய பாலிடெக்னிக் வளாகத்துக்குள் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் அந்த வளாகத்தில்தான். முப்பத்தொரு வருடம் வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவனுக்கு வாரத்தில் இரண்டு நாள் உட்கார இதைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை. மின்விசிறி சத்தம், பழைய தாள் வாசனை, யாரும் யாரையும் ஏன் வந்தீர்கள் என்று கேட்காத பெருந்தன்மை.

கல்வெட்டு என்றால் போர், வெற்றி, கடாரம் என்றே பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்தவன் நான். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதி ஒன்றை முதல் தடவை பிரித்தபோது எனக்குக் கிடைத்தது பேரேடு. அரசனைப் புகழும் முன்பகுதி முடிந்ததும் கல்வெட்டு சட்டென்று குரலை மாற்றிக்கொண்டு கணக்குப் பேச ஆரம்பிக்கும். இன்னார் வைத்த, அணையாமல் எரிய வேண்டிய நுந்தா விளக்கு ஒன்று. அதற்கு விட்ட ஆடு 96. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையன் இன்னான். அவன் நாள்தோறும் அளக்க வேண்டிய நெய் உழக்கு. அந்த ஆடுகளுக்கு ஒரு அடைமொழி உண்டு: சாவா மூவாப் பேராடு. சாகாத, கிழடு தட்டாத ஆடுகள். கிடையில் ஆடு சாகும், நரி தூக்கும், நோய் வாரிக்கொண்டு போகும். கணக்கில் மட்டும் சாகாது; குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கையை நிரப்பி வைப்பது இடையன் பொறுப்பு. முதல் அசையாது, அதன் பலன் நித்தியம் வரும். வங்கியில் நிரந்தர வைப்பு என்று நாங்கள் சொன்னது இதைத்தான். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு கணக்குப்பிள்ளைக்கு இந்த விஷயத்தைச் சொல்ல இரண்டு சொல் போதுமாக இருந்திருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கற்களில் வட்டிக்கணக்கே இருக்கிறது. கோயிலுக்கு வந்த காசை ஊர்ச்சபைகளிடம் கொடுத்து, ஆண்டுக்கு ஒரு காசுக்கு அரைக்கால் காசு பொலிசை வாங்கியிருக்கிறார்கள். எட்டில் ஒன்று, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. பொலிசை என்ற அந்தச் சொல்லைப் படித்தபோது, வட்டி என்ற சொல்லின் கறார் இல்லாமல் களத்தில் நெல் பொலிவது மாதிரி இருந்தது. வாங்கியவர்களுக்கு அப்படி இருந்திருக்காது என்பது வேறு விஷயம். நிலத்தை அளந்த அதே கோயில் கணக்கில் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்குவரை பின்னம் இறங்குகிறது. முந்திரி என்றால் 320இல் ஒன்று. கீழ்முந்திரி அதிலும் 320இல் ஒன்று. இப்படியே கீழே கீழே போகிறது. அவ்வளவு சின்ன நிலத்தில் ஒரு எறும்பும் கால் வைக்க முடியாது. அளந்து வந்ததல்ல அந்தப் பின்னம். பெருக்கிப் பெருக்கி வந்தது. ஆனாலும் கல்லில் வெட்டினார்கள். ரவுண்டு பண்ணிவிடலாமே என்று எவனோ ஒரு இளம் கணக்கன் சொல்லியிருப்பான், மூத்தவர் முறைத்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

*

சோழர் பற்றிய செய்தி நாளிதழில் வந்தால் அது பெரும்பாலும் மண்ணிலிருந்து வந்திருக்கும். கங்கைகொண்ட சோழபுரத்தில் மாளிகைமேடு என்று ஊர்க்காரர்களே பெயர் வைத்திருந்த இடத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2021இலிருந்து மறுபடி தோண்டியது. அதே இடத்தில் 1980களிலும் தோண்டியிருக்கிறார்கள். கிடைத்தவை செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் சில்லுகள், கண்ணாடி வளையல் துண்டுகள். தங்கச் சிம்மாசனத்தை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். எனக்கு அந்த ஆணிகள் போதும். ஆணி இருந்தால் மரம் இருந்திருக்கிறது. ஓடு இருந்தால் அந்த மரம் கூரையைத் தாங்கியிருக்கிறது. சாமிக்குக் கல்லில் கட்டிய ராஜேந்திரன் தனக்குச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டிக்கொண்டான். இரண்டரை நூற்றாண்டு தலைநகராக இருந்த ஊரில் கோயில் மட்டும் நின்று அரண்மனை மேடாகிப்போனதற்கு இதுதான் முதல் காரணம். நின்ற கல்லும் முழுதாகத் தப்பவில்லை. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கோயில் மதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சோழன் வெட்டிய எத்தனை எழுத்து அணைக்கட்டுக்குள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறதோ.

ஆனால் சோழர் காலத்தைப் பற்றி நாம் நினைத்திருந்ததை அடியோடு புரட்டிப்போட்ட வேலைகளில் பெரும்பங்கு மேசையில் நடந்தது. தோண்ட வேண்டிய கல்லை எப்போதோ படியெடுத்து, பலதை அச்சும் போட்டாயிற்று. மிச்சமிருந்தது எண்ணுவது மட்டும்தான்.

நொபுரு கராஷிமா என்ற ஜப்பானிய இளைஞர் 1961இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தார். அன்றைக்குச் சோழர் வரலாறு என்றால் நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்'. 1930களில் வந்த அந்த நூலைத் தாண்டி எழுத என்ன இருக்கிறது என்ற மலைப்பு எல்லோருக்கும் இருந்த காலம். கராஷிமா தாண்டவில்லை, குனிந்தார். திருச்சிப் பக்கம் அல்லூர், ஈசானமங்கலம் என்று இரண்டே ஊர்களை எடுத்துக்கொண்டார். ஈசானமங்கலம் பிராமணர்களுக்குக் கொடுத்த பிரமதேயம், அல்லூர் வேளாளர் ஊர். இரண்டு ஊர்க் கல்வெட்டுகளிலும் நிலம் விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று மட்டும் பார்த்தார். ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்கள் தங்கள் நிலத்தை விற்றிருக்கிறார்கள். அல்லூரில் ஊரே சேர்ந்து விற்றிருக்கிறது. இவ்வளவுதான் கண்டது. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டில் அதைப் படித்தார்.

பார்க்கச் சின்ன விஷயம். அதிலிருந்து கிளைத்த கேள்வி பெரியது. பத்தாம் நூற்றாண்டில் காவிரிக்கரையில் நிலம் தனி ஆளுடையதா, ஊருடையதா? பொதுவில் இருந்தால் எப்போது பிரிந்தது, யார் கைக்குப் போனது? பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் தனி ஆட்களின் நில விற்பனை பெருகிக்கொண்டே போவதை அவர் பின்னால் காட்டினார். சாஸ்திரியின் புத்தகத்தில் அரசர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஊர் மாறாமல் இருக்கும். கராஷிமாவுக்குப் பிறகு ஊரும் மாறத் தொடங்கியது.

அடுத்து அவரும் எ. சுப்பராயலுவும் தோரு மத்சுயியும் சேர்ந்து 1978இல் ஒரு நூலை வெளியிட்டார்கள். மதுரை சர்வோதய இலக்கியப் பண்ணை போட்ட மூன்று தொகுதிகள். சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களின் அடைவு. கணிப்பொறி உதவியோடு ஆயிரக்கணக்கான பெயர்களைத் துண்டு துண்டாகப் பிரித்து அகரவரிசைப்படுத்திய பட்டியல். வாசித்து ரசிக்க ஒரு வரி கிடையாது. தொலைபேசி டைரக்டரி மாதிரி இருக்கும். ஆனால் ஒரு தலைமுறை ஆய்வாளர்களின் சண்டையே அந்தப் பட்டியலை வைத்துத்தான் நடந்தது. பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்கர் 1980இல், சோழ அரசு என்பது பெயரளவுக்கான பேரரசு, சடங்கு அளவில்தான் அரசனுக்கு அதிகாரம், உண்மையில் நாடுதோறும் உழவர் தலைவர்கள் தங்கள்பாட்டுக்கு ஆண்டார்கள் என்று எழுதினார். அழகான வாதம். எனக்கு இன்றும் அந்தப் புத்தகத்தின் கம்பீரம் பிடிக்கும். ஆனால் பெயரடைவைப் புரட்டினால், முதலாம் ராஜராஜன் காலத்திலிருந்து மூவேந்தவேளான் என்ற பட்டம் திடீரென்று பெருகுகிறது. வெறும் பட்டமில்லை, அரசன் பெயரையே முன்னால் ஒட்டிக்கொண்ட பட்டம். அரசன் மாறினால் முன்னொட்டும் மாறுகிறது. நிலவரியைப் பார்த்த புரவுவரித் திணைக்களத்தில் அடுக்கடுக்காகப் பதவிகள். ஊர்ப் பெரிய மனிதர்களுக்குப் பட்டம் கொடுத்துத் தன் ஆட்களாக ஆக்கிக்கொண்ட ஒரு மையம் அங்கே தெரிகிறது. சடங்குக்கு இவ்வளவு குமாஸ்தாக்கள் எதற்கு? வங்கிக்காரனாகச் சொல்கிறேன், தலைமை அலுவலகம் இல்லாமல் இத்தனை பதவிப்பெயர் முளைக்காது.

சுப்பராயலு 1973இலேயே சோழநாட்டின் அரசியல் நிலவியலை வரைந்திருந்தார். கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயர்களை இன்றைய வரைபடத்தில் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, நாடு நாடாகக் கோடு போட்ட வேலை. ஆறுதான் எல்லையாக இருக்கும் என்று யாரும் நினைப்போம். பல நாடுகள் ஆற்றின் இரண்டு கரையிலும் கால் வைத்து உட்கார்ந்திருந்தன. அரசன் கோடு கிழித்துப் பிரித்திருந்தால் ஆற்றோடு நிறுத்தியிருப்பான். தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்டு விளைந்த ஊர்கள் தாமாகக் கூடியதால் வந்த வடிவம் அது. கோட்டூர் நாடும் அப்படி ஏரியும் கழியுமாக ஒரு காலத்தில் கூடியிருக்கும். இன்று அதன் நடுவே பழைய மாமல்லபுரம் சாலையில் சிக்னலுக்கு நிற்கிறோம்.

இங்கே ஒரு சின்ன விலகல். சோழர் பெயரடைவு வருவதற்கு ஒரு வருடம் முன்னால், 1977இல், ஐராவதம் மகாதேவன் சிந்து எழுத்துகளின் தொடரடைவை வெளியிட்டார். அதுவும் கணிப்பொறி போட்ட பட்டியல். வாசிக்கத் தெரியாத எழுத்தை எண்ணி வரிசைப்படுத்தினார் அவர். வாசிக்கத் தெரிந்த எழுத்தை எண்ணி வரிசைப்படுத்தினார்கள் இவர்கள். மகாதேவன் தொடங்கிவைத்த சிந்து ஆய்வு மையம் இந்த ரோஜா முத்தையா நூலகத்தில்தான் இருக்கிறது. சற்றுத் தள்ளிக் கணித அறிவியல் நிறுவனம். அங்கிருந்த ரணஜய் அதிகாரியும் மகாதேவனும் மற்றவர்களும் சேர்ந்து 2009இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையும், அடிப்படையில் எந்தக் குறிக்குப் பின் எந்தக் குறி வருகிறது என்று எண்ணியதுதான். தரமணியை மென்பொருள் பேட்டை என்று சொல்கிறார்கள். எண்ணுகிறவர்கள் இங்கே வேறு தினுசிலும் இருந்திருக்கிறார்கள். கராஷிமா 2015 நவம்பர் 26இல் இறந்தார். மகாதேவன் 2018இல், அதே நவம்பர் 26. இதில் அர்த்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அடைவு போட்டுப் பழகியவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டிருக்க மாட்டார்கள்.

*

எண்ணிக்கையால் மனிதர்கள் மறைந்துபோவார்கள் என்று ஒரு பயம் உண்டு. என் அனுபவம் வேறு. பெரிய கோயிலில் ராஜராஜன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் தெருப் பெண்கள், 400 பேரின் பட்டியல் இருக்கிறதே, அதை வரிசையாகப் படித்துப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். எந்தத் தளிச்சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர். தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் தலைவீட்டுக்காரி நக்கன் சேரமங்கை. தெருவின் ஒரு பக்க வீட்டு வரிசையைச் சிறகு என்பார்கள். தெருவைப் பறவையாகப் பார்த்த சொல். சேரமங்கையின் வீட்டை இன்றைக்கும் தபால்காரர் கண்டுபிடித்துவிடுவார். அவ்வளவு துல்லியமான முகவரி. முகவரியைத் தவிர அவளைப் பற்றி வேறொன்றும் கிடையாது. சொந்த ஊரை விட்டு வர அவள் சம்மதித்தாளா என்று எந்தக் கணக்கனும் எழுதிவைக்கவில்லை.

இந்த 400 பேரை வைத்துக்கொண்டுதான் சோழர் காலத்துக் கோயில் பெண்கள் என்றாலே அரசன் கொண்டுவந்து குடியேற்றிய ஆடல் மகளிர் என்று நாம் எழுதிவந்தோம். கனடாவில் பேராசிரியராக இருந்த லெஸ்லி ஆர், கோயில் பெண்கள் வரும் கல்வெட்டுகளையெல்லாம் நூற்றாண்டு வாரியாக, இடம் வாரியாக அடுக்கி 2000இல் ஒரு நூல் எழுதினார். அடுக்கிப் பார்த்தபோது தஞ்சாவூர்ப் பட்டியல் விதிவிலக்காக ஒதுங்கிவிட்டது. மற்ற இடங்களில் கோயில் பெண்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரிகள். தங்கள் பணத்தில் விளக்கு வைத்தவர்கள், நிலம் கொடுத்தவர்கள், அதற்கு ஈடாகக் கோயிலில் ஒரு மரியாதையைத் தங்களுக்கு உறுதிசெய்துகொண்டவர்கள். கண்ணைப் பறிக்கும் அந்த ஒரு பெரிய கல் நம்மை நெடுநாள் ஏமாற்றியிருக்கிறது.

ஒற்றைக் கல் மயக்கத்துக்கு இன்னொரு உதாரணம் சொல்லவே வேண்டாம், எல்லோரும் சினிமாவே பார்த்துவிட்டோம். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் பற்றிய உடையார்குடிக் கல்வெட்டு. துரோகிகளின் உறவினர் நிலத்தைப் பறித்து விற்கச் சொன்ன ஆணை அது. கொல்லத் தூண்டியது யார் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. இல்லாத அந்தச் சொல்லுக்காக நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழனைச் சந்தேகித்தார், சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். இன்று யூடியூபில் ஆளுக்கொரு கொலையாளி. நில விற்பனைப் பத்திரத்திடம் போய் துப்பறியும் கதை கேட்டால் அது என்ன செய்யும்?

எண்ணினால் கேட்கும் குரல்கள் வேறு. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201இல், திருப்பாம்புரத்தில் பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டதை ஒரு கல் சொல்கிறது. இது ஒன்றைப் படித்தால் கண் கலங்கிவிட்டுப் போய்விடுவோம். ஆள்விலைப் பத்திரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான், காவிரி டெல்டாவில் நிலம் சிலர் கையில் குவிந்த அதே காலத்தில் வேறு சிலர் கையில் விற்க உடம்பு மட்டுமே மிச்சமிருந்தது புரியும். பிறகு 1429. விஜயநகர ஆட்சியின்போது ஆடுதுறை, கொறுக்கை, எலவானாசூர் என்று பல ஊர்க் கோயில்களில் ஏறத்தாழ ஒரே செய்தி வெட்டப்பட்டிருக்கிறது. வலங்கை 98, இடங்கை 98 என்று சொல்லிக்கொண்ட சாதிகள், ஒருவருக்கொருவர் ஆகாத அந்த இரண்டு அணிகளும், கூடி உட்கார்ந்து, அதிகாரிகளும் காணியாளரும் சேர்ந்து கேட்கிற அநியாய வரியைக் கொடுக்கமாட்டோம், இன்னதற்கு இவ்வளவுதான் என்று விகிதம் எழுதிக் கல்லில் போட்டுவிட்டார்கள். கோயில் சுவர் அதுவரை கொடுத்தவர்களின் பேரேடாக இருந்தது. அந்த வருடம் கொடுக்கமாட்டோம் என்றவர்களும் அதில் பதிவு போட்டார்கள். ஒரு ஊரில் மட்டும் இந்தக் கல் கிடைத்திருந்தால் உள்ளூர்த் தகராறு என்று அடிக்குறிப்பில் முடிந்திருக்கும். ஊர் ஊராகக் கிடைத்ததைக் கராஷிமாவும் சுப்பராயலுவும் சேர்த்து வைத்ததால் கலகம் என்று தெரிந்தது.

மயிலாப்பூருக்கும் இந்த எண்ணிக்கையில் பங்கு உண்டு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் காட்டூர்க் கல்வெட்டு ஒன்று, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் மயிலார்ப்பில் கூடி, காட்டூரை வீரபட்டினமாக ஆக்கத் தீர்மானித்ததைச் சொல்கிறது. மயிலார்ப்பு நம் மயிலாப்பூர்தான். இதே ஐந்நூற்றுவரின் தமிழ்க் கல் சுமத்ராவின் பாரூஸில் கிடைத்தது, ஆண்டு 1088. சீனத்துச் சுவான்சௌவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. கராஷிமா கடைசிக் காலத்தில் இந்தக் கடல் வணிகத்தைத்தான் பிடித்துக்கொண்டார். இந்தியக் கடற்கரையிலும் இலங்கையிலும் சீனப் பீங்கான் சில்லு பொறுக்கினார். ராமநாதபுரம் பெரியபட்டினத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியபோது பச்சை மெருகுப் பீங்கான் ஏராளமாகக் கிடைத்தது. மாளிகைமேட்டில் இப்போது கிடைத்த சில்லும் அந்தக் கணக்கில் சேரும். மயிலார்ப்பில் கூடியவர்கள் எந்தத் திண்ணையில் கூடினார்கள், மதியம் என்ன சாப்பிட்டார்கள் என்று ரயிலில் வரும்போது யோசிப்பேன். மந்தைவெளி வந்துவிடும்.

*

எண்ணுவதற்கு முதலில் எழுத்து வேண்டும். எழுத்தைக் கல்லிலிருந்து தாளுக்குக் கொண்டுவரும் வேலையை ஒரு முறை கிட்ட நின்று பார்த்தேன். தேங்காய் நார் பிரஷால் கல்லை நீர்விட்டுத் தேய்க்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் போக வேண்டும். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, கனத்த பிரஷால் அடிக்கிறார்கள். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கி உட்காரும்வரை அடி. பிறகு மை தோய்த்த பந்தால் ஒற்றி ஒற்றி எடுக்க, மேடெல்லாம் கறுத்து, எழுத்து வெள்ளையாக எழும்பி வருகிறது. காய்ந்ததும் உரித்தால் மைப்படி. படிப்பது அதற்குப் பிறகு. அந்தக் காலத் தமிழில் புள்ளி இல்லை. எ, ஏ வேறுபாடு இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு வரியை மூன்று விதமாகப் படிக்கலாம், அதில் இரண்டு விதத்துக்கு அர்த்தமும் வரும். இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் தமிழ்நாட்டில் குறைந்துகொண்டே வருகின்றன. இயந்திரத்துக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்கிறார்கள், நல்லதுதான். அது சரியாகப் படித்ததா என்று பார்க்கவும் அந்தக் கண்கள்தான் வேண்டும்.

படிகளின் கதை தனி. 1886இல் ஹூல்ச் கல்வெட்டாளராகப் பொறுப்பேற்ற காலம்தொட்டு ஊர் ஊராகப் போய் எடுத்துக் குவித்தவை. அந்த அலுவலகம் இடம் மாறி மாறி, உதகமண்டலத்தில் சில காலம் இருந்து, 1966இல் மைசூருக்குப் போனது. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டது. பிறகு படிகள் வந்தன. வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மைசூரா சென்னையா என்று போட்ட சத்தத்தில் கால்வாசியாவது, அவற்றில் பலதின் முழு வாசகமும் இன்னும் அச்சாகவில்லையே என்பதற்குப் போட்டிருக்கலாம். நூறு வருடத்துக்கு முன் படியெடுத்த எத்தனையோ கல்வெட்டுகளுக்கு ஆண்டறிக்கையில் இரண்டு மூன்று வரி ஆங்கிலச் சுருக்கம் மட்டும்தான் இருக்கிறது.

என் பூர்வீக ஊர்க் கோயில் கல்வெட்டும் அப்படித்தான். சிறுவயதில் அர்த்தமண்டபத்தின் தென்புறம், குமுதத்துக்குக் கீழே, ஜகதியில் விரல் வைத்து நாங்கள் தடவிக்கொண்டே சுற்றுவோம். என்ன எழுத்து என்று யாருக்கும் தெரியாது. தாத்தா மட்டும், "அது புதையல் கணக்குடா, படிச்சா கண்ணு போயிடும்" என்பார். தரமணியில் உட்கார்ந்து பழைய ஆண்டறிக்கையைத் தேடி அந்தச் சுருக்கத்தை ஒருநாள் கண்டுபிடித்தேன். ஒரு விளக்குக்கு ஆடு கொடுத்த செய்தி. கொடுத்தவர் பெயர் இருந்தது. ஏற்றுக்கொண்டவரை 'ஓர் இடையன்' என்று எழுதி விட்டிருந்தார்கள். சுருக்கம் அல்லவா, அவன் பெயருக்கு அதில் இடம் கிடைக்கவில்லை.

பெயரைக் கல்லிலேயே பார்த்துவிடலாம் என்று அடுத்த மாதம் ஊருக்குப் போனேன். குடமுழுக்கு முடிந்து கோயில் பளபளவென்று இருந்தது. பிராகாரத் தரையை ஒரு முழம் உயர்த்தி, சுவரோரம் அதிட்டானம்வரை பளிங்குக் கல் ஒட்டியிருந்தார்கள். வழுக்காமல் நடக்கச் சௌகரியமாக இருக்கிறதாம். ஒட்டாமல் மேலே மிச்சமிருந்த பகுதியை மணல் வீச்சில் சுத்தம் செய்திருந்தார்கள். எழுத்தின் விளிம்பெல்லாம் சோப்புக் கட்டிபோல் மழுங்கியிருந்தது. உபயதாரர் பெயர்ப் பலகை மட்டும் நல்ல ஆழமான எழுத்தில், பொன்வண்ணம் பூசி, தெற்குச் சுவரிலேயே பதித்திருந்தது. அதில் என் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் பெயரும் உண்டு. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அந்த இடையனின் பெயர் இனி இருந்தால் மைப்படிக் கட்டில் இருக்க வேண்டும். கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் ஊர்க் கோயிலில் பாலாலயம் என்று நோட்டீஸ் ஒட்டினால் வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒருநாள் ஒதுக்குங்கள். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்தரைக்கோ, வெயில் சுவரில் சாய்வாக விழும் நேரத்தில், கருவறையையும் அர்த்தமண்டபத்தையும் சுற்றி அடியிலிருந்து மேல்வரை முழுக்கப் படமெடுங்கள். வெளிச்சம் இல்லாத பக்கத்துக்கு ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். ஒவ்வொரு படத்திலும் ஓர் அடிக்கோலை வைத்து, எந்தச் சுவர், எந்தத் திசை என்று குறித்துக்கொள்ளுங்கள். கல்லில் மாவோ சுண்ணாம்போ பூசாதீர்கள். படிக்கத் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை.